எச்சம்: வேடந்தாங்கல் கவுல் பற்றிச் சில குறிப்புகள்

1

'காட்டுயிர்' என்கிற சொல்லே அந்த உயிருக்கு ஒரு முகவரியை எழுதிவிடுகிறது. உயிர் காட்டில் இருக்கிறது. காட்டைக் காப்பாற்றினால் அதைக் காப்பாற்றியதாகும். காட்டைக் காப்பாற்றுவது என்றால் முதல் காரியமாக அங்கே இருக்கிற மனுசரை வெளியே தள்ளுவது. நம்முடைய சூழலியல் சொல்லாடல் பெரும்பாலும் இந்த மூன்று படிகளில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. சரி, நாரையும் வக்காவும் நீர்க்காகமும் எந்தக் காட்டில் இருக்கின்றன? அகப்பொருள் இலக்கணக்காரர்கள் நாரையையும் குருகையும் தாராவையும் வைத்த இடம் மருதம். அதாவது வயலும் வயல் சார்ந்த இடமும். குறிஞ்சியிலோ முல்லையிலோ கொண்டுபோய் வைக்கவில்லை. திணை மரபுக்குத் தெரிந்திருந்த இந்தச் சின்ன விஷயம் வனத்துறைச் சட்டங்களுக்குப் புரிய ரொம்ப நாள் பிடித்தது. முழுசாகப் புரிந்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

இந்த மூன்று படிகளையும் சங்கடத்துக்கு உள்ளாக்குகிற ஊர் வேடந்தாங்கல். செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் சுமார் 30 ஹெக்டேர் ஏரி ஒன்று. சென்னையிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 75 கிலோமீட்டர். 'வேடனின் ஊர்' என்று சுற்றுலாப் புத்தகங்கள் பெயருக்குப் பொருள் சொல்லிவிட்டுப் போகின்றன. தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்றால் சிறு ஏரி. சென்னைக்குள்ளேயே பழவந்தாங்கல் இருக்கிறது. ஆக, பெயரின் ஒரு பாதி பாசனம், மறுபாதி வேட்டை. இரண்டில் எதுவும் 'தீண்டப்படாத இயற்கை' கிடையாது. கரை மனிதர் போட்டது. மதகு மனிதர் வைத்தது. நீருக்குள் நிற்கிற கடப்ப மரங்களும் கருவேலமும் இந்த ஏற்பாட்டுக்குள் வளர்ந்தவை. பறவை வந்து கூடு கட்டுவது விவசாயத்தின் நடுவே.

இந்த ஏரியின் வரலாற்றைப் பறவை மேல் வைத்த அன்பின் வரலாறாகச் சொல்வதுதான் வழக்கம். அப்படிச் சொல்லும்போது என்ன காணாமல் போகிறது என்று பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

2

கதையின் முதல் ஆவணம் ஒரு கவுல். கவுல் என்பது வருவாய் நிர்வாகச் சொல். அரசு குடிகளுக்குத் தரும் உறுதிப் பத்திரம். செங்கல்பட்டில் இருந்த வெள்ளைச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ் ஏரியில் யாரும் பறவையைச் சுடக்கூடாது என்று கவுல் எழுதிக்கொடுத்தார். 1798 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு. பிறகு 1858இல், கம்பெனி ஆட்சி முடிந்து ராணியின் ஆட்சி தொடங்கிய அதே ஆண்டில், அந்த உரிமை மறுபடி எழுதி வாங்கப்பட்டது. 1936இல் அரசு இதைச் சரணாலயமாக அங்கீகரித்தது.

பிளேஸ் யார் என்று தெரிந்துகொண்டால் இந்தக் காகிதத்தின் எடை புரியும். செங்கல்பட்டுச் சீமை 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த ஜாகீர். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் இந்தச் சீமை சூறையாடப்பட்டது. ஊர்கள் காலியாயின, ஏரிகள் உடைந்து கிடந்தன. இந்த நிலையில் 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்தவர் பிளேஸ். அவருடைய வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் ஏரியை அடைத்து, குடியைத் திரும்பக் கொண்டுவந்து, வரியைக் கூட்டுவது. மதுராந்தகத்துக்காரர்களுக்கு இவரை வேறு விதத்தில் தெரியும். கனமழையில் ஏரிக்கரை உடையப் போன இரவில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் காவல் நின்றதைக் கண்ட துரை இவர்தான் என்பது ஏரிகாத்த ராமர் கோயிலின் ஐதீகம். வரி வசூலிக்க வந்த அதிகாரி ஸ்தல புராணத்துக்குள் பாத்திரமாக நுழைந்துவிட்டார்.

இது தற்செயலானது அல்ல. ஜாகீரில் ஏரி என்பது ஒரே நேரத்தில் தண்ணீர், வருமானம், தெய்வம், அதிகாரம் எல்லாமாக இருந்தது. அன்றைக்கு அரசின் வருவாய் மேல்வாரம், அதாவது நெல்லில் பங்கு. ஒரு வயலில் விளைச்சல் குறைந்தால் குடியின் பங்கோடு கம்பெனியின் பங்கும் குறையும். ஊராரின் முறையீட்டை இப்படித்தான் சுருக்க முடியும்: பறவை எங்கள் ஏரியில் எருப் போடுகிறது, அந்தத் தண்ணீர்தான் எங்கள் வயலுக்குப் பாய்கிறது, பறவையைச் சுட்டால் விளைச்சலைச் சுட்ட மாதிரி. பிளேஸுக்கு இந்த மொழி புரியாமல் இருந்திருக்க முடியாது. அவர் தினமும் பேசிக்கொண்டிருந்த மொழியே அது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் யூஜீன் இர்ஷிக் 1994இல் வெளிவந்த தம் நூலில் இதே செங்கல்பட்டை எடுத்துக்கொண்டு, காலனிய அறிவு என்பது மேலிருந்து திணிக்கப்பட்டது மட்டும் அல்ல, உள்ளூர்க்காரர்களும் வெள்ளை அதிகாரிகளும் பேசிப் பேசிச் சேர்ந்து உண்டாக்கியது என்று வாதிட்டார். வேடந்தாங்கல் கவுலை அந்தப் பார்வையில் வாசிக்கலாம். ஊராரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சிப்பாயின் துப்பாக்கி வந்த பிறகுதான் அந்த வழக்கம் 'உரிமை' ஆக வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. எழுத்தில் வந்ததும் அதுவே 'தொன்றுதொட்ட' மரபு என்ற தகுதியையும் பெற்றது.

இதே சென்னை மாகாணத்தில் இன்னொரு மாதிரியும் இருந்ததை மறந்துவிடக் கூடாது. 1879இல் நீலகிரிக்கென்று வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது விலங்கைக் காப்பாற்றியது வெள்ளைக்காரர் அடுத்த பருவத்திலும் வேட்டையாட வேண்டும் என்பதற்காக. அங்கே பாதுகாப்பைக் கேட்டவர் வேட்டைக்காரர். இங்கே பாதுகாப்பைக் கேட்டவர் உழவர், அதுவும் வேட்டைக்கு எதிராக. சுதந்திர இந்தியாவின் வனச் சட்டங்கள் நீலகிரி மாதிரியின் வாரிசுகளாகத்தான் வளர்ந்தன. கவுல் மாதிரிக்கு வாரிசு இல்லாமல் போனது.

3

எச்சம் என்கிற சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. மிச்சம், சந்ததி, முடியாமல் நிற்கிற சொல், பறவையின் கழிவு. வேடந்தாங்கல் பொருளாதாரத்தில் இந்தப் பொருள்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துகிடக்கின்றன.

வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்புகிறது. நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கொக்கு வகைகள் எல்லாம் வந்து மரங்களில் கூடு கட்டுகின்றன. மரம் தண்ணீருக்குள் நிற்பதால் பூனையும் நரியும் கூட்டை நெருங்க முடியாது. ஏரி வற்றினால் பறவை வராது, வந்ததும் போய்விடும். குஞ்சு பொரித்து வளர்கிற மாதங்களில் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் தண்ணீரில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏராளம். அந்தத் தண்ணீர் மதகு வழியாக நவரைக்கும் சொர்ணவாரிக்கும் பாய்கிறது. கோடையில் ஏரி காய்ந்தால் அடிவண்டல் மிஞ்சும். இந்தத் தண்ணி பாய்கிற நிலத்துக்கு உரச் செலவு குறைச்சல்ங்கிறது அங்கே சாதாரணப் பேச்சு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பறவை சத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அது இரை தேடுவது வேடந்தாங்கல் ஏரியில் மட்டும் இல்லை. சுற்றிலும் பல கிலோமீட்டர் தூரத்துக்குப் பரந்துகிடக்கும் ஏரிகளிலும் நெல் வயல்களிலும் நத்தையும் மீனும் நண்டும் தவளையும் பிடித்துத் தின்றுவிட்டு இங்கே வந்து உட்காருகிறது. நத்தைகுத்தி நாரையின் அலகே நத்தையை உடைக்காமல் உள்ளிருப்பதை எடுப்பதற்கென்று அமைந்தது. நெல் வயல் இல்லாவிட்டால் அதற்கு இந்தச் சீமையில் பிழைப்பு இல்லை. ஆக, சுற்று வட்டார ஊர்களின் உயிர்ச்சத்து முழுவதும் சிறகு முளைத்துப் பறந்து ஒரே ஊரின் ஆயக்கட்டுக்கு எருவாக வந்து சேர்கிறது. இப்படி ஒரு வசூலை எந்தக் கலெக்டரும் செய்திருக்க முடியாது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, ஏரியை மட்டும் காப்பாற்றிப் பறவையைக் காப்பாற்ற முடியாது. சுற்றியுள்ள வயல் எப்படி உழப்படுகிறது, அதில் என்ன தெளிக்கப்படுகிறது என்பதுதான் பறவையின் விதி. இரண்டு, பறவைக்குச் சோறு போடுகிறவரும் பறவையால் லாபம் அடைகிறவரும் ஒரே ஆள் கிடையாது. இந்த இரண்டாவது விஷயம் நம்மை அசௌகரியமான ஒரு கேள்விக்குக் கொண்டுபோகிறது.

4

கவுல் வாங்கிய 'ஊரார்' யார்?

தரம்பாலும் அவரைப் பின்பற்றிய சென்னைச் சுதேசி அறிவாளிகளும் செங்கல்பட்டை ஒரு பொற்காலப் பிரதியாக வாசித்தார்கள். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் நடத்திய சர்வேயில் சுமார் 2,000 ஊர்களின் நிலம், ஏரி, விளைச்சல், பங்கு எல்லாம் பதிவாகியிருக்கின்றன. களத்து மேட்டில் நெற்குவியலிலிருந்து கோயிலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வண்ணானுக்கு, வெட்டியானுக்கு என்று மேரை பிரிந்து போனதை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. இதை வைத்துக்கொண்டு தன்னிறைவான, எல்லோரையும் அரவணைத்த கிராமம் ஒன்றை அவர்கள் கட்டி எழுப்பினார்கள். பறவைக்கும் பங்கு கொடுத்த கிராமம் என்று வேடந்தாங்கலையும் அதில் சேர்த்துக்கொள்வது ரொம்பச் சுலபம்.

ஆனால் பங்கு என்பது படிநிலையும்தான். ஜாகீரின் ஊர்கள் மிராசு ஊர்கள். நிலத்தில் காணியாட்சி உள்ள மிராசுதார் மேலே. அவருக்குக் கீழே பாயகாரி என்கிற குத்தகைக் குடி. எல்லாருக்கும் கீழே சேரியின் படியாள். மிராசு என்பது வயலோடு நிற்கவில்லை. தரிசு, தோப்பு, குட்டை, மீன், சேரியின் மனைக்கட்டு வரைக்கும் அது நீண்டது. பிளேஸ் மிராசை மதித்து உறுதிப்படுத்திய அதிகாரி. அப்படிப்பட்ட சீமையில் 'ஊரார்' என்று எழுத்தில் வரும்போது அது பெரும்பாலும் காணியாளரையே குறித்தது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1891இல், இதே மாவட்டத்தின் கலெக்டர் டிரெமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி எழுதிய குறிப்பில் சேரிக்காரர் தாம் குடியிருக்கும் மனைக்குக்கூட உரிமை இல்லாமல் கிடந்தது பதிவாகியிருக்கிறது. அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கான ஆணை வந்தது. அந்த நிலங்களும் கைமாறிப் போய், அவற்றை மீட்கக் கேட்டவர்கள் மீது 1994 அக்டோபர் 10இல் துப்பாக்கிச் சூடு நடந்ததும் இதே செங்கல்பட்டுப் பக்கம்தான். காரணைப் போராட்டத்தை ஒட்டி நடந்த அந்தச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள்.

1798இல் பறவைக்கு எதிரான துப்பாக்கியை நிறுத்தக் காகிதம் கிடைத்தது. வயலில் இறங்கி உழைத்தவருக்கு அப்படி ஒரு காகிதம் கிடைக்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று, கிடைத்ததும் நிலைக்கவில்லை. இதைச் சொல்வது பறவையைக் குறைத்து மதிப்பிட அல்ல. இயற்கை வேளாண்மை பற்றிப் பேசுகிறபோது நிலம் யாருடையது என்கிற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டால் நாம் மறுபடியும் மிராசுக் கிராமத்தைத்தான் மீட்டெடுப்போம் என்பதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நத்தை நாரைக்கு மட்டும் உணவு இல்லை. வயல் நண்டு, நத்தை, அயிரை, கெண்டை, வரப்போரக் கீரை எல்லாம் கூலிக்காரக் குடும்பங்களின் சாப்பாடு. காசு கொடுத்து வாங்காத புரதம். இருளர் வயல் எலியைப் பிடித்தார்கள், வளையில் எலி சேர்த்து வைத்திருந்த நெல்லையும் எடுத்துக்கொண்டார்கள். அதாவது பறவையும் நிலமற்றவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். நிலத்தில் இரண்டு பேருக்கும் பட்டா கிடையாது, ஆனால் வயலின் எச்சத்தில் பங்கு இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் இருளரின் பழைய பிழைப்பை ஒரேயடியாக மூடின. 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, விஷம் எடுத்து விற்று, கொஞ்சம் பேர் மட்டும் அதிலிருந்து மீண்டார்கள். ஊர்ப் பெயரில் இருக்கிற வேடனுக்குப் பாதுகாப்புச் சொல்லாடலில் கிடைத்த இடம் குற்றவாளிக்கூண்டு. வயலுக்கு விஷம் தெளிக்கிறவருக்கு அந்தக் கூண்டு கிடையாது.

5

அந்தத் தட்டு உடைந்தது எப்படி? கொஞ்சம் தொலைவாகப் போய்ப் பார்த்தால்தான் விளங்கும்.

பறவை எச்சத்தை எருவாகப் போட்டதில் பெருவின் இன்காக்கள் பேர் பெற்றவர்கள். பறவைகள் முட்டையிடும் பருவத்தில் எருத் தீவுகளில் கால் வைப்பவருக்கு மரண தண்டனை, எந்தத் தீவு எந்த மாகாணத்துக்கு என்று எல்லைகூடப் பிரித்திருந்தார்கள் என்று 1609இல் வெளிவந்த நூலில் கார்சிலாசோ தெ லா வேகா எழுதுகிறார். ஐரோப்பா இந்த எருவைக் கண்டுகொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1840களில் தொடங்கிய குவானோ வணிகம் 1850களில் உச்சத்துக்குப் போனது. சின்சா தீவுகளில் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்கள் அந்தப் புழுதியில் வெட்டிக்கொண்டே செத்தார்கள். பல நூறு ஆண்டுகளாகக் குவிந்தது சில பத்தாண்டுகளில் தீர்ந்துபோனது. எருவை மலையாகப் பார்த்தார்கள், பறவையைப் பார்க்கவில்லை. 1909இல் பெரு அரசு நிறுவனம் ஒன்றை அமைத்துப் பறவைகளைக் காக்கத் தொடங்கியது எல்லாம் முடிந்த பிறகுதான்.

வேடந்தாங்கல்காரர்கள் 1858இல் கவுலைப் புதுப்பித்தபோது உலகத்தின் மறுகோடியில் நடந்துகொண்டிருந்தது இது. அதே எச்சம், அதே சத்து. ஒரு இடத்தில் அது ஏற்றுமதிச் சரக்கு, இன்னொரு இடத்தில் மதகு வழியே பாயும் தண்ணீர். சரக்கானபோது பறவையும் கூலியும் சேர்ந்து அழிந்தன.

அதே 1909இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலிருந்து அமோனியா தயாரிக்கும் முறையைக் காட்டினார். 1913இல் அது ஆலைக்கு வந்தது. அதன் பிறகு எருவுக்குப் பறவை தேவையில்லை. நம் பக்கத்தில் ராணிப்பேட்டையில் 1906இலேயே சூப்பர் பாஸ்பேட் ஆலை வந்துவிட்டது. 1960களில் ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்கள், 1971இல் மணலியில் உர உற்பத்தி, மானிய யூரியா, கூடவே டி.டி.டி., பி.எச்.சி., எண்டோசல்ஃபான். பசுமைப் புரட்சி நெல்லைக் கூட்டியது உண்மை. பசி குறைந்ததும் உண்மை. அதை மறுத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் அது வயலை உப்பு உள்ளே போய் நெல் வெளியே வருகிற ஒரு குழாயாக்கியது. நடுவில் இருந்த நத்தை, நண்டு, தவளை, மீன், கீரை எல்லாம் 'பூச்சி', 'களை' என்கிற வகைக்குள் தள்ளப்பட்டன. பூச்சிக்கொல்லி ஒன்றைத் தின்ற இன்னொன்றின் உடம்பில் சேர்ந்து சேர்ந்து மேலே ஏறி, மீன் தின்னும் பறவையின் முட்டை ஓட்டை மெலிய வைத்ததை ராச்சல் கார்சனின் 1962ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு உலகம் பேசத் தொடங்கியது. கூலிக்காரர் வீட்டுச் சட்டியில் என்ன குறைந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

கவுலின் அடிப்படையும் இங்கேதான் ஆட்டம் கண்டது. பறவையைக் காப்பது உழவருக்கு லாபம் என்ற வாதம் யூரியா மூட்டை வந்ததும் பாதி செத்துப்போனது. வாதம் செத்த இடத்தில் அன்பு வந்து உட்கார்ந்தது. 'விருந்தாளிப் பறவைகள்', 'பறவைகளின் சொர்க்கம்' என்கிற சுற்றுலா மொழி வந்தது. உரிமையோடு வழக்குப் பேசியவர்கள் விருந்தோம்பல் பண்பு மிக்க எளிய கிராமத்தினராக ஆனார்கள். விருந்தாளிக்கு உரிமை எதுவும் இல்லை, விருந்தோம்புகிறவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. அதிகாரம் முழுக்க வனத்துறைக்கு.

6

கர்நாடகத்தின் கொக்கரெ பெள்ளூரில் இதே கதை வேறு விதமாக நடந்தது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்கு நடுவே புளிய மரங்களில் கூடு கட்டும். மரத்தடியில் குழி வெட்டி, வண்டல் மண்ணும் எச்சமும் சேர்த்து எருவாக்கினார்கள். பறவை உட்காரும் மரத்தில் புளி உலுக்க முடியாது என்பதால் அந்த நட்டத்துக்கு வனத்துறை காசு தந்தது. 2002இல் திருத்தப்பட்ட சட்டத்தின் கீழ் 2007இல் அது சமுதாயக் காப்பகமாயிற்று. குறைகள் இருக்கலாம். ஆனால் பறவைக்காக உழவர் எதை இழக்கிறார் என்று கணக்குப் போட்ட வகையில் அது கவுலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது.

வேடந்தாங்கலுக்குக் கிடைத்தது ஒரு வட்டம். 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைக்கு ஏரி மட்டும் போதாது, வயலும் வேண்டும் என்று சட்டம் முதன்முறையாக ஒத்துக்கொண்டது இதில்தான். ஆனால் அந்த வயலில் எப்படிப் பயிர் செய்ய வேண்டும், அப்படிச் செய்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்று வட்டம் எதுவும் சொல்லவில்லை. 2020இல் அந்த ஆரத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவை அரசே கொண்டுவந்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் மருந்து ஆலை ஒன்று விரிவாக்கத்துக்குக் காத்திருந்த நேரம் அது. எதிர்ப்பு எழுந்த பிறகு முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 2022இல் ராம்சர் பட்டியலில் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் இடம்பெற்றன. 2023இல் தமிழக அரசு இயற்கை வேளாண்மைக்கென்று ஒரு கொள்கையையும் வெளியிட்டது. ஒரு கையில் பறவைப் பட்டியல், இன்னொரு கையில் வேளாண்மைக் கொள்கை. இரண்டு கையும் ஒன்றையொன்று தொட வேண்டாமா?

வட்டத்தைக் கோடாகப் பார்த்தால் அதை அழித்து வேறு கோடு போடுவது ஒரு கோப்பின் வேலைதான். வட்டத்துக்குள் இருப்பவருக்கு அதில் பங்கு இருந்தால் அழிப்பது சுலபமில்லை. 1798இன் கவுல் கற்றுத்தருகிற பாடம் அதுதான்: பறவையைக் காத்தது பரிவு மட்டும் இல்லை, விளைச்சலில் அதற்கு இருந்த இடம். இன்றைக்கு அந்த இடத்தை மறுபடி உண்டாக்க வேண்டும் என்றால் அந்த 5 கிலோமீட்டருக்குள் மருந்தடிக்காமல் விளையும் நெல்லுக்கு அரசு கொள்முதலில் தனி விலை வேண்டும். வண்டல் எடுக்கும் உரிமை வேண்டும். மாறுகிற இரண்டு மூன்று வருசத்தில் குறைகிற விளைச்சலுக்கு ஈடு வேண்டும். இதெல்லாம் பட்டாதாருக்கு. இதோடு நிறுத்தினால் மறுபடியும் மிராசுக் கவுல்தான்.

பழைய கவுலில் இல்லாத பெயர்கள் புதியதில் வர வேண்டும். பட்டா இல்லாத குத்தகைக்காரருக்கும் அந்த விலை நேரடியாகப் போக வேண்டும். களைக்கொல்லியால் களையெடுப்பு வேலை போன பெண்களுக்கு, மருந்தில்லா வயலில் திரும்பி வருகிற அந்த வேலைக்கு நியாயமான கூலி எழுதப்பட வேண்டும். இயற்கை வேளாண்மை என்பது கூடுதல் உழைப்பு, அதைக் குறைந்த கூலிக்கு வாங்கிக்கொண்டு பறவைக்காக என்று சொல்வது மோசடி. ஏரியிலும் வாய்க்காலிலும் மீனும் நண்டும் நத்தையும் எடுக்கும் சேரிக்காரரின், இருளரின் வழக்கம், பறவைக்குக் குறையாத அளவில், உரிமையாகவே பதிவாக வேண்டும். வயலில் நத்தை இருக்கிறதா என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். நாரைக்குத் தெரிவது அதற்கப்புறம்.